நடக்கச் சொல்லும் விளம்பரம்: தோட்டப் பட்டணத்தில் எது எடுபடும்?

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு, 2019ஆம் ஆண்டில் நாட்டின் பெரியவர்களில் நான்கில் ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாமல் வாழ்வதாகக் கணக்கிட்டது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அந்தப் பங்கு ஏறத்தாழ பத்தில் மூன்று பேராக உயர்ந்திருந்தது. எடை மிகுந்தோரும் உடற்பருமன் உள்ளோரும் சேர்ந்து 54.4 விழுக்காடு, அதாவது பெரியவர்களில் பாதிக்கு மேல். இனிப்பு நீர் நோயைப் பொறுத்தவரை, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பிரித்துப் பார்க்கையில் இந்தியரின் பங்கே மேலே நிற்கிறது. ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில், எல்பில், ஹீவுட், டோவன்பி, கமுனிங் என்று ரப்பர்த் தோட்டத்தின் பெயராலேயே தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது புள்ளிவிவரமாகத் தோன்றுவதில்லை. காலில் ஆறாத புண், வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு, ஐம்பது வயதுக்குள் ஒரு மாரடைப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு முகம் இருக்கிறது.

இத்தனைக்கும் யாரும் சொல்லாமல் விட்டுவிடவில்லை. 1991ஆம் ஆண்டிலிருந்தே அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கைமுறைப் பிரச்சாரத்தை நாடளவில் நடத்தி வருகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கருப்பொருள் வைத்த அந்த வரிசையில் 1998ஆம் ஆண்டு உடற்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. பிறகு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொன்ன சுவரொட்டிகள் வந்தன. 2015 முதல் அக்டோபர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை தேசிய விளையாட்டு நாளாகவும் கொண்டாடப்படுகிறது. உடலை அசைப்பது நல்லது என்பதைக் கேள்விப்படாத ஒருவரை இன்று சுங்கை சிப்புட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே ஊடகப் பிரச்சாரத்தால் பயன் உண்டா என்று கேட்பதைவிட, எப்படிப்பட்ட பிரச்சாரம் ஒருவரை வீட்டுப் படியிறங்கி நடக்க வைக்கிறது என்று கேட்பதே பொருத்தம். இதற்கு விடை ஓரளவு தெரிந்ததுதான். யாரிடம் பேசுகிறோம், எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடக்கச் சொல்கிறோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லி, சொன்னதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் பிரச்சாரம் எடுபடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக, எப்போதும் பொருந்துவதாக எழுதப்படும் வாசகம் காதில் விழுகிறது, காலுக்கு இறங்குவதில்லை.

ஆய்வாளர்கள் இதைப் படிநிலைகளாக விளக்குகிறார்கள். முதலில் விளம்பரம் கண்ணில் படவேண்டும். பிறகு அதன் செய்தி புரிந்து மனத்தில் நிற்கவேண்டும். அதன்மேல் ‘இது எனக்கும் ஆகும்’ என்ற எண்ணம் பிறக்கவேண்டும், அது ‘நாளை போகிறேன்’ என்ற தீர்மானமாக வேண்டும், தீர்மானம் செயலாகவேண்டும், செயல் பழக்கமாகவேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துகொண்டே போவார்கள். தொலைக்காட்சியும் வானொலியும் முதல் இரண்டு படிகளை வேகமாகவும் மலிவாகவும் கடக்கச் செய்கின்றன. அதற்கு மேலுள்ள படிகளில் அவற்றின் கை தனியாக எட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1975ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பிரச்சாரம், நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும் தொந்திக்காரக் கேலிச்சித்திரப் பாத்திரம் ஒன்றை உருவாக்கியது. நோர்ம் என்ற அந்தப் பாத்திரம் நாடு முழுவதும் வீட்டுப் பிள்ளைபோல் அறிமுகமானது. ஆனாலும் அறிமுகம் பெருகிய அளவுக்கு உடலியக்கம் பெருகவில்லை. கனடாவில் 1971இல் தொடங்கப்பட்ட பார்ட்டிசிபாக்‌ஷன் அமைப்பு 1973இல் ஒரு குறுவிளம்பரம் வெளியிட்டது. முப்பது வயதுக் கனடியரின் உடற்தகுதியும் அறுபது வயது சுவீடன்காரரின் உடற்தகுதியும் ஏறத்தாழ ஒன்றே என்று அது சொன்னது. நாடே அதைப் பற்றிப் பேசியது. பேசவைப்பது முதல் வெற்றிதான். அதை முழு வெற்றியாக எண்ணிவிடுவதால்தான் பல பிரச்சாரங்கள் அங்கேயே நின்றுபோகின்றன.

நம்மைப் போன்ற சிறிய ஊர்களுக்கு இவற்றைவிட அதிகம் சொல்லித்தரக்கூடியது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வீலிங் என்ற ஊரில் 2001ஆம் ஆண்டு நடந்த ஒரு முயற்சி. பழைய தொழில்கள் நலிந்துபோன, வயதானவர்கள் கூடுதலாக வாழும் ஊர் அது. அங்கே எட்டு வாரங்களுக்கு ஒரு பிரச்சாரம் நடந்தது. 50 முதல் 65 வயது வரையுள்ள, உடலுக்கு வேலை கொடுக்காமல் இருப்பவர்களை மட்டுமே அது குறிவைத்தது. அவர்களிடம் கேட்டது ஒரே ஒரு செயலை: வாரத்தின் பெரும்பாலான நாள்களில் 30 நிமிடம் வேகமாக நடப்பது. விளம்பரம் எழுதுவதற்கு முன்பே, நடப்பவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் உள்ள வேறுபாடு எதில் என்று விசாரித்தார்கள். நடப்பதால் வரும் நன்மை இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. தங்கள் நாளில் அதற்கென்று நேரத்தை ஒதுக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் இரு தரப்பும் பிரிந்தன. எனவே விளம்பரங்கள் நோயைக் காட்டிப் பயமுறுத்தவில்லை, நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியே பேசின. தொலைக்காட்சி, வானொலி, நாளிதழ் மூன்றிலும் காசு கொடுத்து, ஆட்கள் பார்க்கும் வேளையாகப் பார்த்து இடம் வாங்கினார்கள். இலவச அறிவிப்புகளைப்போல் நள்ளிரவுக்குத் தள்ளப்படும் நிலை அவற்றுக்கு வரவில்லை. கூடவே மருத்துவர்களும் வேலையிடங்களும் அதே செய்தியைச் சொன்னார்கள்.

இந்த முயற்சியில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் அதை அளந்த விதம். பிரச்சாரம் நடக்காத இன்னோர் ஊரையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். மனிதர்களிடம் கேட்டதோடு நிற்காமல், நடைபாதைகளில் ஆள் நிறுத்தி நடப்பவர்களை எண்ணினார்கள். வீலிங்கில் நடப்பவர் எண்ணிக்கை 23 விழுக்காடு கூடியது, ஒப்பீட்டு ஊரில் மாற்றமில்லை. தொடக்கத்தில் உடலியக்கம் இல்லாதவர்களாக இருந்தவர்களில், வாரத்துக்கு ஐந்து முறையாவது 30 நிமிடம் நடக்கும் நிலையை எட்டியவர்கள் வீலிங்கில் 32 விழுக்காடு, மற்ற ஊரில் 18 விழுக்காடு. எட்டு வாரத்து விளம்பரம் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால் ஒரு சிறிய ஊருக்கென்று, அந்த ஊர் ஊடகத்தில், ஒரே வயதினரிடம், ஒரே செயலைப் பற்றிப் பேசியதால் செய்தி சிதறவில்லை என்பது தெளிவு.

வீலிங்கின் வாசகத்தை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டினால் எடுபடாது. தோட்டத்து மக்களுக்கும் உடலுழைப்புக்கும் உள்ள உறவு வேறுவகையானது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மங்கிய இருட்டில் மரவரிசையான நிரைக்குள் இறங்கி, ஒரு காலைக்குள் ஐந்நூறு ரப்பர் மரம்போலப் பால் வெட்டி, பிறகு அதே மரங்களைச் சுற்றிவந்து பால் எடுத்து, நிறைந்த வாளிகளை மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களுக்கு நடை என்பது கூலி. கால் ஓய்ந்து உட்காரக் கிடைத்ததுதான் வாழ்க்கை முன்னேறியதற்கு அடையாளம். மகன் மோட்டார் வாங்கியதும், மகள் ஏர்கோன் போட்ட அலுவலகத்தில் அமர்ந்ததும் அந்தக் குடும்பத்தின் பெருமை. அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் சுவரொட்டி ‘நடங்கள்’ என்று சொல்லும்போது, ‘வாழ்நாள் முழுக்க நடந்த காலு இது, போதும்பா’ என்று அவர் விடை சொன்னால், அதைச் சோம்பலாகக் கருதக் கூடாது.

உழைப்பு உடலைக் காத்தது என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே பெயர்பெற்ற சான்று இருக்கிறது. இலண்டனின் இரட்டைமாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, படியேறி இறங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் 1953ஆம் ஆண்டு எழுதினார். தோட்டத்தில் நடந்ததும் அத்தகைய மாற்றமே, நடத்துநராக இருந்த ஒரு சமூகமே ஒரு தலைமுறைக்குள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறியதுபோல. ரப்பர் செம்பனையானது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன, லயத்து வீடுகள் காலியாகி மக்கள் தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். கூடவே, மாலையில் காற்பந்தும் கபடியும் நடந்த தோட்டத் திடலும் போனது. தொழிற்சாலை பஸ் வாசலில் ஏற்றிக்கொண்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறது. சோற்றின் அளவும் தேத்தண்ணியில் போடும் சீனியின் அளவும் மட்டும் பால்வெட்டுக் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. இந்த மாற்றத்தை அவர்களுடைய வரலாறாகவே எடுத்துச் சொல்லும் பிரச்சாரம் ஒன்று இதுவரை என் கண்ணில் படவில்லை. ‘அன்று நிரை நடந்த உடம்பு, இன்று அரைமணி நேரம் கேட்கிறது’ என்று ஒரு பழைய பால்வெட்டுத் தொழிலாளியே வானொலியில் பேசினால், அதில் குற்றஞ்சாட்டும் தொனி இருக்காது, கேட்பவர் தம் வாழ்க்கையை அதில் அடையாளம் காண்பார்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பற்றியும் இங்கே பேச வேண்டியிருக்கிறது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கைத் தொடர்ந்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவிய எண் அது. நினைவில் நிற்பதற்கு எளிது என்பதே அதன் பலம். ஆனால் சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, நாளைக்கு 2,700 அடி நடப்பவரைவிட 4,400 அடி நடப்பவருக்கு இறப்பு அபாயம் தெளிவாகக் குறைவு என்றும், அந்த நன்மை 7,500 அடி அளவில் சமநிலைக்கு வந்துவிடுகிறது என்றும் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அடிக்கணக்கில் பேசவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் என்று சொல்லி, கொஞ்சம் செய்வதும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்று அது சேர்த்துச் சொல்கிறது. முட்டிவலியோடு கிளினிக்கில் எண் எடுத்துக் காத்திருக்கும் அறுபது வயது அம்மாவுக்கு, எதிர்ச்சுவரில் பத்தாயிரம் என்று கொட்டை எழுத்தில் தெரிவது அழைப்பாகப் படாது. தன்னால் ஆகாதது என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிடுகிறார். கோயில் வரை போய்த் திரும்பும் இருபது நிமிடத்தில் தொடங்கலாம் என்று அதே சுவர் தமிழில் சொல்லியிருந்தால், அவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதை யோசித்திருப்பார்.

பெண்களின் நிலையைத் தனியாகப் பார்க்கவேண்டும். மாலை ஆறரைக்குச் சுங்கை சிப்புட்டின் ஏதாவதொரு தாமானில் நின்று பார்த்தால் நிலைமை விளங்கும். ஆண்கள் சிலர் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேகமாக நடப்பார்கள். பெண்கள் இருவர் மூவராக, வீட்டுச் சட்டைக்குமேல் துண்டைப் போட்டு, காலில் சிலிப்பரோடு, தாமானின் முதல் இரண்டு சந்துகளுக்குள்ளேயே சுற்றுவார்கள். விளக்கு எரியாத மூன்றாவது சந்து முனையில், நாய்கள் படுத்திருக்கும் இடத்துக்கு முன்பாகவே திரும்பிவிடுவார்கள். ஏழு மணி பஸ்ஸில் வேலையிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு அந்தச் சுற்றும் கிடையாது, சமையல் காத்திருக்கிறது. இவர்களைத் தடுப்பது அறியாமை ஆகாது. நேரம், வெளிச்சம், பாதுகாப்பு, அவற்றோடு ‘இந்த வயசுல இவளுக்கு என்ன ஓட்டம்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம், இவைதான் தடை. அந்தக் கூச்சத்தைத் தன் மையமாக எடுத்துக்கொண்ட பிரச்சாரம் ஒன்று இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கியது. ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு நடத்திய ‘திஸ் கேர்ல் கேன்’ அது. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே பெண்களைப் பின்வாங்க வைக்கிறது என்று முன்கூட்டியே கண்டறிந்து, விளம்பர அழகிகளைத் தவிர்த்து, வியர்த்து மூச்சு வாங்கும் சாதாரண உடலமைப்புள்ள பெண்களையே அவர்கள் காட்டினார்கள். நம் ஊருக்கு அந்தப் படங்கள் பொருந்தா, அந்த அணுகுமுறை பொருந்தும். சேலையிலோ கைலியிலோ நடக்கும் ஓர் அக்காவை, ஊரார் அடையாளம் காணும் ஒரு தெருவில் காட்டினால், உடற்பயிற்சி என்பது விலையுயர்ந்த காலணியும் இறுக்கமான உடையும் உள்ளவர்களுக்குரியது என்ற எண்ணம் தளரும்.

யாருடைய குரல், எந்த வழியாக வருகிறது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2002 முதல் 2006 வரை 9 முதல் 13 வயதுச் சிறாருக்காக நடத்திய ‘வெர்ப்’ பிரச்சாரம் ஓராண்டுக்குள் அந்த வயதினரில் 74 விழுக்காட்டினரை எட்டியது. பொதுவான விளம்பரங்களோடு நிற்காமல் வெவ்வேறு இனத்துச் சிறாருக்கெனத் தனித்தனி விளம்பரங்களும் தயாரித்தது அதன் சிறப்பு. முதல் ஆண்டுக்கே 125 மில்லியன் டாலர் ஒதுக்கீடு பெற்ற பிரச்சாரம் அது என்பதையும் சொல்லவேண்டும். அவ்வளவு பணம் நமக்கு வேண்டியதில்லை. தோட்டத்துத் தமிழருக்கு வானொலியோடு உள்ள உறவு பழையது. வானொலி ஆறு என்ற பெயரில் லயத்து வீடுதோறும் ஒலித்ததுதான் இன்றைய அரசாங்கத் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம். பழைய பாடலுக்கும் வாழ்த்துச் செய்திக்கும் காத்திருந்து கேட்கும் பழக்கம் மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு, ஒரு பாடல் முடிந்ததும், ‘அடுத்த மூன்று பாடலுக்கு நடந்துவிட்டு வாருங்கள்’ என்று அறிவிப்பாளர் தினமும் சொல்வது, அரைப்பக்க நாளிதழ் விளம்பரத்தைவிடக் காரியத்துக்கு அருகில் இருக்கிறது. இளையோருக்கு அந்த வேலையைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் செய்யும். தாமான் குழுவில், பள்ளியின் பெற்றோர் குழுவில் பக்கத்து வீட்டு அண்ணன் தன் காலைநடைப் படத்தைப் போடுவதற்கு அமைச்சரின் வேண்டுகோளைவிடச் செல்வாக்கு அதிகம். கோயில் அறிவிப்புப் பலகையையும் விட்டுவிடக் கூடாது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் ஒருவருக்கு, அதற்கு முந்திய வாரங்களில் நடந்து பழகுவது அறிவுரையாகத் தோன்றாது, வேண்டுதலின் பகுதியாகவே தோன்றும்.

காலம் இன்னொரு சிக்கல். ஆண்டுக்கொரு கருப்பொருள் என்ற ஏற்பாட்டில் உடற்பயிற்சிக்கு ஓர் ஆண்டு கிடைக்கும், அடுத்த ஆண்டு வேறொன்று வந்துவிடும். 2003க்குப் பிறகு உணவு, உடற்பயிற்சி, புகைபிடிக்காமை, மனவழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்தே பேசும்படி மலேசியா இதைத் திருத்தியது நல்ல மாற்றம். ஆனால் கனடாவின் பார்ட்டிசிபாக்‌ஷன் போன்ற புகழ்பெற்ற அமைப்பே நிதியின்றி 2001இல் மூடப்பட்டு, 2007இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. விளம்பரம் நின்றதும் நினைவும் மங்கும். இனிப்புப் பானமும் துரித உணவும் விற்கும் நிறுவனங்கள் இதை நன்றாக அறிந்திருப்பதால்தான் அவை ஒரு வாரம்கூட விளம்பரத்தை நிறுத்துவதில்லை. ஒரு நாள் திருவிழாவாக, இலவச டி-சட்டையும் மைலோவும் கொடுத்து முடியும் நடை நிகழ்ச்சி ஒரு தொடக்கமாகலாம். அடுத்த திங்கட்கிழமை மாலையிலும் அதே திடலில் யாராவது காத்திருந்தால்தான் அந்தத் தொடக்கத்துக்குப் பயன் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் 1996இல் தொடங்கிய ‘அஜித்தா’ இயக்கம் நீடித்ததற்குக் காரணம், ‘முப்பது நிமிடம்’ என்ற ஒரே செய்தியைப் பள்ளிகள், வேலையிடங்கள், சங்கங்கள் எல்லாம் தத்தம் வழியில் எடுத்துச் சொன்னதுதான். அதன் தாக்கத்தில்தான் 2002ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நாளும் உடலியக்கத்தைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் சமூக நலத் தலையீடுகளை மதிப்பிடும் நிபுணர் குழு, தனித்து நிற்கும் ஊடகப் பிரச்சாரத்தைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றும், ஊடகத்தோடு ஊர் அமைப்புகளும் நடைவசதிகளும் இணைந்த சமூகம் தழுவிய பிரச்சாரத்துக்கு வலுவான சான்று உண்டு என்றும் பிரித்துச் சொன்னது. சுங்கை சிப்புட் அளவிலான ஊரில் இது பெரிய திட்டம் ஆகாது. மூன்றாவது சந்தின் விளக்கு, தெருநாய்ப் பிரச்சினை, தமிழ்ப்பள்ளித் திடலை மாலையில் இரண்டு மணி நேரம் ஊருக்குத் திறந்துவிடுவதற்கான அனுமதி ஆகியவற்றுக்கு நகராண்மைக் கழகமும் பள்ளி வாரியமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். விளக்கைச் சரிசெய்யாமல் பெண்களை நடக்கச் சொல்லி வானொலியில் காசு செலவழிப்பதை நான் வீண்செலவு என்றே சொல்வேன்.

அளப்பதற்கும் பெரிய ஆய்வுக் குழு வேண்டாம். பிரச்சாரம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, மாலை ஆறு முதல் ஏழரை வரை, தேர்ந்தெடுத்த நான்கைந்து இடங்களில் நடப்பவர்களை ஆண், பெண், இளையோர், முதியோர் என்று பிரித்து எண்ணலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்களே இதை ஒரு புறப்பாட நடவடிக்கையாகச் செய்துவிட முடியும். பிரச்சாரம் நடக்கும்போது ஒரு முறை, முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு முறை, அதே இடங்களில் அதே நேரத்தில் எண்ணவேண்டும். மழைக்காலம், நோன்பு மாதம், தேர்வுக் காலம் ஆகியவை எண்ணைக் கெடுக்காமலிருக்க, பிரச்சாரம் நடக்காத இதே அளவுள்ள இன்னொரு தோட்டப் பட்டணத்திலும் அதே நாள்களில் எண்ணுவது அவசியம். எத்தனை பேர் விளம்பரத்தைக் கேட்டார்கள் என்ற கணக்கை வானொலி நிலையம் கொடுத்துவிடும். மூன்றாவது சந்தைத் தாண்டி நடந்த பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கை ஊர்தான் எடுத்தாகவேண்டும், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக்கு மனு எழுதும்போது முதல் பக்கத்தில் வைக்கவேண்டிய எண்ணும் அதுவே.